பல்லால் இறுக்கிய முடிச்சு

பெட்டியைத் திறந்து, லூட்டை மடியில் வைத்து, பழக்கதோஷத்தில் ஒரு நரம்பை மீட்டியபோது சுருதி சரியாக இருந்தது. அதுதான் முதல் தப்பு.

மூன்று வருடமாக அந்த வாத்தியத்தோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு அது நல்ல சேதியாகத் தோன்றவில்லை. கிதாரைப் போலத் தட்டையான சாமான் இல்லை லூட். பெரிய பேரிக்காயை நெடுக்காகப் பிளந்து வைத்த மாதிரி வயிறு, பின்னால் முறிந்து மடங்கிய தலை, நடுவில் மரத்திலேயே செதுக்கிய பூவலை, ஆட்டுக்குடலில் திரித்த நரம்புகள் ஜோடி ஜோடியாக. ஜன்னலைத் திறந்தால் ஒரு கோபம், மூடினால் ஒரு கோபம். யாராவது ஈரத் தலையோடு பக்கத்தில் உட்கார்ந்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கடைசி நரம்பைச் சேர்த்து முடிப்பதற்குள் முதல் நரம்பு சொல்லாமல் கொள்ளாமல் எங்கோ போயிருக்கும். கால் மணி நேரம் வாசிக்க முக்கால் மணி நேரம் சுருதி சேர்க்க வேண்டும். அப்படிப்பட்டது, அடைமழையில் சில நாள் தொடாமல் மூடிவைத்திருந்தும் சுத்தமாக ஒலித்தது.

இசைக்கவையைத் தட்டிக் காதருகே பிடித்துப் பார்த்தாள். அவள் வைக்கிற சுருதி அல்ல அது. அரை ஸ்வரம் போலக் கீழே. மழைக்குத் தானாக இறங்கியிருந்தால் ஒவ்வொரு நரம்பும் ஒவ்வொரு திசையில் இறங்கியிருக்கும். இது அப்படி இல்லை. யாரோ உட்கார்ந்து, நரம்பை முறுக்குகிற அத்தனை பிரடைகளையும் ஒவ்வொன்றாகத் திருகி, மொத்தமாகக் கீழே கொண்டுவந்து, கொண்டுவந்த இடத்தில் இம்மி பிசகாமல் சேர்த்து வைத்திருந்தார்கள். அவளால் ஒருநாளும் முடியாத அளவுக்குச் சுத்தமாக. பயம் வருவதற்கு முன்னால் அவளுக்கு வந்தது பொறாமைதான்.

வீட்டில் இருந்தது இரண்டே பேர். தெருவெல்லாம் பல்லம்மா என்று கூப்பிடுகிற இவள், இன்னொருத்தி இவளுடைய நாத்தனார். நாற்பது தாண்டியும் குடும்பத்துக்குள் நாத்தனாருக்குப் பெயர் பாப்பாதான்.

பல்லம்மா பல் பிடுங்குகிறவள் இல்லை. பல் வைத்தியர்கள் அனுப்புகிற அச்சுகளைப் பார்த்துப் பல்செட் செய்து கொடுக்கிறவள். வீட்டின் முன் அறைதான் பட்டறை. அலமாரி நிறையச் சுண்ணாம்பு வாய்கள், மேஜையில் ஸ்பிரிட் விளக்கு, இளஞ்சிவப்பு மெழுகுத் தகடுகள், உருகிய மெழுகின் இனிப்பு வாடை. காலையெல்லாம் வேலை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு செய்து முடித்ததைப் பையில் போட்டுக்கொண்டு கிளினிக்குகளுக்குப் போய்க் கொடுத்துவிட்டு, சாயங்காலம் திரும்பி, கை கழுவி, பின் அறைக்குப் போய் லூட்டைத் திறப்பாள். கணவருக்கு நடுக்கடலில் எண்ணெய் மேடையில் கிரேன் ஓட்டுகிற வேலை. வந்தால் வீடே அதிரும், போனால் போன் மட்டும்தான்.

பாப்பா வந்து சேர்ந்தது மழை ஆரம்பித்த சமயத்தில். ஸ்கூட்டரில் விழுந்து மேல் வரிசைப் பற்கள் மொத்தமும் போயிருந்தன. அதற்குமுன் அவள் இருந்தது பெரிய அண்ணன் வீட்டில். அங்கே ஒரு சங்கிலி காணாமல் போய், பழி அவள் தலையில் விழுந்து, அவள் வெளியேறிய பிறகு பீரோவுக்குப் பின்னால் அந்தச் சங்கிலி கிடைத்தது. கிடைத்த சேதியைக்கூட அவளுக்கு யாரும் சொல்லவில்லை. மூன்றாம் மனிதர் சொல்லித்தான் தெரிந்தது.

"பாப்பா மனசு நோகாம பாத்துக்கோ. நம்மள விட்டா அவளுக்கு வேற போக்கிடம் இல்ல," என்று கணவர் போனில் சொன்னார். பல்லம்மாவும் மனசார அப்படித்தான் பார்த்துக்கொண்டாள். பாப்பாவின் பழைய போட்டோவை வைத்துக்கொண்டு, தன் கையாலேயே மேல் செட் ஒன்று செய்து கொடுத்தாள். போட்டோவில் முன்பல்லுக்கு அடுத்த இடது பல் லேசாகத் திரும்பியிருந்தது. செட்டிலும் அதை அப்படியே திருப்பி வைத்தாள். வரிசை ரொம்ப அழகாக இருந்தால் பொய்ப்பல் என்று ஊருக்கே தெரிந்துவிடும். அதைப் போட்டுக் கண்ணாடியில் சிரித்துப் பார்த்த பாப்பா, அண்ணியைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அந்தப் பாப்பாவைச் சந்தேகப்படுவது பல்லம்மாவுக்கே கசந்தது. ஆனால் வேறு யாரைச் சந்தேகப்படுவது?

"லூட்டை எடுத்தியா பாப்பா?" என்று சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டாள்.

"அந்தப் பூசணிக்காயையா? தொட்டா உடைஞ்சிடும்போல இருக்கு. எனக்கெதுக்கு அண்ணி?" பாப்பா கூலிக்கு எடுத்துவந்த பள்ளிச் சீருடைக்குப் பித்தான் தைத்துக்கொண்டே சிரித்தாள்.

சிரிப்பில் கள்ளம் இல்லை. கள்ளம் இல்லாதது மாதிரி சிரிக்கவும் சிலருக்குத் தெரியும் என்று பல்லம்மா நினைத்துக்கொண்டாள்.

அவள் சுருதியை ஏற்றி வைத்தாள். மறுநாள் சாயங்காலம் அது இறங்கியிருந்தது, அதே இடத்துக்கு. மறுபடி ஏற்றினாள். மறுபடி இறங்கியிருந்தது. பெட்டிக்குள் புதிதாக ஒரு வாடையும் சேர்ந்திருந்தது. பழைய மரமும் நரம்பும் கலந்த வழக்கமான வாடைக்கு அடியில், மூடிய வாயின் வாடை. தொழிலில் தினம் முகர்கிற வாடைதான், ஆனால் அது பட்டறையில் இருக்க வேண்டியது. கை சரியாகக் கழுவவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டு, இன்னொரு முறை சோப்புப் போட்டுக் கழுவினாள்.

பிறகு மெட்டுகள் நகர ஆரம்பித்தன.

ஸ்வரங்களைப் பிரிக்கக் கழுத்தின் குறுக்கே இருக்கிற மெட்டு, லூட்டில் வீணையைப் போலப் பதித்த கம்பி இல்லை. அதுவும் நரம்புதான். கழுத்தைச் சுற்றிக் கட்டி, பின்பக்கமாக ஒரு முடிச்சுப் போட்டு இறுக்க வேண்டும். சொல்வதற்குச் சுலபம். ஒரு கை கழுத்தைப் பிடித்துக்கொண்டிருக்க, முடிச்சின் இரண்டு முனைகளையும் இரண்டு பக்கமாக இழுக்க இன்னும் இரண்டு கை வேண்டும். மூன்றாவது கைக்கு எங்கே போவது? வீடியோவில் சொல்லிக்கொடுக்கிறவர்கள் ஒரு முனையைப் பல்லால் கடித்து இழுப்பார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் பல்லம்மாவுக்குத் தன் பல் கூசும். முன்பல்லின் விலை தெரிந்தவள் அவள். அதனால் முழங்காலுக்கு நடுவே கழுத்தை இடுக்கிக்கொண்டு, குறடால் இழுத்து, சூடேற்றிய மெழுகுக் கத்தியால் முனையைச் சுட்டுவிடுவாள்.

இப்போது இருந்த முடிச்சுகள் அவள் போட்டவை இல்லை. எல்லாமே எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தன, இடக்கைக்காரர் போட்ட மாதிரி. குறடு பிடித்தால் நரம்பில் வரி வரியாகக் குறட்டின் தடம் விழும். இவற்றில் அது இல்லை. முனைகள் சப்பையாகி, வெளுத்து, விரலில் பட்டபோது ஈரமாக இருந்தன.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அவள் பாப்பாவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாப்பா வலது கையால் சாப்பிட்டாள். தண்ணீர்க் கிளாஸை இடது கையால் எடுத்தாள். எல்லோரும் அப்படித்தான் எடுப்பார்கள். ஆனால் சந்தேகம் வந்த கண்ணுக்கு அது போதும்.

"என்ன அண்ணி அப்படிப் பாக்குறீங்க?"

"ஒண்ணுமில்ல. செட்டு சரியா உக்காருதான்னு பாத்தேன்."

பாப்பா வாயை மூடிக்கொண்டாள். ஏதோ சொல்ல வந்து விழுங்கிய மாதிரி இருந்தது. பல்லம்மா அதையும் மனதில் குறித்துக்கொண்டாள்.

படுத்தும் தூக்கம் வரவில்லை. வாசிக்கத் தெரிந்தவள், அதுவும் இவ்வளவு நன்றாகத் தெரிந்தவள், எதற்காக ஒன்றும் தெரியாத மாதிரி பூசணிக்காய் என்று நக்கல் அடிக்க வேண்டும்? தான் இத்தனை நாள் தட்டுத்தடுமாறி வாசித்ததைச் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டு உள்ளுக்குள் சிரித்திருப்பாளோ? கையும் களவுமாகப் பிடித்தே தீருவது என்று முடிவு செய்தாள். அதற்கு வேண்டிய பொருள் அவள் மேஜையிலேயே இருந்தது.

பல்செட் வேலையில் கடி மெழுகு என்று ஒன்று உண்டு. வெந்நீரில் காட்டி மெத்தென்றாக்கி வாயில் கொடுத்து, கடிக்கச் சொல்லி வாங்கினால், மேலும் கீழும் எப்படிச் சேர்கின்றன என்பது அதில் பதிந்துவிடும். மறுநாள் மதியம் கிளம்புவதற்கு முன்னால், ஒரு மெட்டின் முடிச்சைத் தளர்த்தி, முனையை நீளமாக விட்டு, அதைச் சுற்றி அந்த மெழுகைத் தடிமனாக உருட்டி ஒட்டினாள். கொட்டைப் பாக்கு அளவு இருந்தது. இதைப் பார்த்தும் எவளாவது வாயில் வைப்பாளா என்று அவளுக்கே சிரிப்பு வந்தது. இருந்தாலும் பெட்டியை மூடி வைத்துவிட்டுப் போனாள்.

திரும்பி வந்தபோது மழை வலுத்திருந்தது. கூடத்துக் கட்டிலில் பாப்பா சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருந்தாள். மதியத் தூக்கத்துக்குச் செட்டைக் கழற்றி, கூடத்து ஓரத்தில் கைகழுவுகிற தொட்டியின் மேல்பலகையில் ஒரு கிளாஸ் தண்ணீரில் போட்டுவைப்பது அவள் வழக்கம். பல்லம்மா அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், செருப்போடு நேரே பின் அறைக்குப் போனாள்.

மெட்டு இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. மெழுகு முனையில் அப்படியே இருந்தது. அதில் கடி இருந்தது.

அதை நறுக்கி எடுத்து, முன் அறை விளக்கடியில் பிடித்தாள். மேல்பக்கத்தில் முன்பற்களின் தடம், கண்ணாடி போலத் தெளிவாக. நடுவில் இரண்டு. அதற்கு இடது பக்கத்தில் ஒன்று, லேசாகத் திரும்பி.

உலகத்தில் யார் மறுத்தாலும் அவளால் மறுக்க முடியாது. அந்தப் பல்லைத் திருப்பி வைத்தது அவள் விரல். அதற்குமேல் அவள் பார்க்கவில்லை. மெழுகை மேஜையில் வீசிவிட்டுக் கூடத்துக்கு வந்து பாப்பாவை உலுக்கி எழுப்பினாள்.

"தொடணும்னா தொடு. கேட்டா நான் வேண்டாம்னா சொல்லப்போறேன்? எதுக்கு இந்தத் திருட்டு வேலை?"

பாப்பா மலங்க மலங்க விழித்தாள். பல் இல்லாத மேல்வாயைக் கை தானாக மூடியது. "எதை அண்ணி? சத்தியமா நான் எதையும் தொடல."

"மெழுகுல உன் பல்லு பதிஞ்சிருக்கு. நான் செஞ்ச பல்லு எனக்குத் தெரியாதா? நீ போகல, உன் பல்லு மட்டும் தனியா எந்திரிச்சு நடந்து போச்சாக்கும்?"

பாப்பா திரும்பித் தொட்டிப் பலகையைப் பார்த்தாள். முகத்தில் ரத்தம் சுண்டிப்போனது. பிறகு அண்ணியைப் பார்த்தாள். அந்தப் பார்வையை மாட்டிக்கொண்டவளின் பார்வை என்று பல்லம்மா எடுத்துக்கொண்டாள்.

"எங்க போனாலும் எனக்கு இதுதான்," என்றாள் பாப்பா. துணிகளைப் பையில் திணித்து, தையல் சாமான்களை அப்படியே விட்டுவிட்டு, துப்பட்டாவின் முனையால் வாயை மூடிக்கொண்டு மழையில் இறங்கிப் போய்விட்டாள். அழுகையை மறைக்கிறாள் என்று நினைத்தாள் பல்லம்மா. தடுக்க வேண்டும் என்று தோன்றியது. ரோஷம் விடவில்லை.

கதவைச் சாத்தியதும் வீடு சட்டென்று பெரிதாகிவிட்டது.

கணவருக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்தபடி கூடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். வெளிச்சம் மெல்லக் குறைந்தது. விளக்கைப் போட எழ மனமில்லை. ஓட்டு விளிம்பிலிருந்து தண்ணீர் கொட்டுகிற சத்தம், குழாயில் இறங்குகிற சத்தம், பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடி நிற்கிற சத்தம், எல்லாவற்றுக்கும் அடியில் மெல்லிய இன்னொரு சத்தமும் இருப்பது போலத் தோன்றிக்கொண்டே இருந்தது. கவனித்துக் கேட்டால் இல்லை. கவனம் பிசகினால் இருந்தது. பாப்பாவின் தலையணையில் தலை பதிந்த பள்ளம் இன்னும் நிரம்பவில்லை. அதைப் பார்க்கப் பார்க்கத் தான் செய்தது பெரிய பாவம் என்று பட்டது.

போன் அடித்தது. பாப்பாதான்.

"அண்ணி." பல் இல்லாத வாயில் வார்த்தைகள் காற்றாக வந்தன. "பழைய பிரண்டு ரூம்ல இருக்கேன். சண்டைக்குக் கூப்பிடல. செட்டை மட்டும் யார்கிட்டயாவது குடுத்து விடுங்க. சாப்பிட முடியல."

"எடுத்துட்டுப் போகலையா நீ?"

"எங்க எடுக்கிறது? நீங்க எழுப்பினப்பவே கிளாஸ்ல இல்லையே. நான் திரும்பிப் பாத்தேன்ல. நீங்கதான் எடுத்து வச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்."

பல்லம்மாவின் கண் தொட்டிப் பலகைக்குப் போனது. கிளாஸ் இருந்தது. தண்ணீர் இருந்தது.

"தினமும் இதே கதைதான் அண்ணி. தூங்கி எழுந்தா இடம் மாறி இருக்கும். சில நாள் கிளாஸுக்கு வெளியே, ஈரமா. ஒரு நாள் அதுல நரம்புத் துணுக்கு சிக்கியிருந்துச்சு. நீங்க என்னமோ என்னைச் சோதிக்கிறீங்கன்னு நெனச்சேன். கேட்டா போகச் சொல்லிடுவீங்களோன்னு பயந்து கேக்கல."

 பல்லம்மா போனைக் காதில் வைத்தபடியே முன் அறைக்குப் போய், விளக்கைப் போட்டு, மெழுகைத் தேடி எடுத்தாள். திருப்பினாள்.

கடி என்றால் இரண்டு பக்கம். வேலைக்கு வந்த முதல் நாள் கற்றுக்கொண்ட பாடம். ஆத்திரத்தில் ஒரு பக்கத்தோடு நிறுத்திவிட்டாள்.

பாப்பாவுக்குக் கீழ் வரிசை மொத்தமும் சொந்தப் பல். மெழுகின் அடிப்பக்கத்தில் ஒரு பல்லின் தடம்கூட இல்லை. வழவழவென்று ஒரு பள்ளம் மட்டும். வெறும் ஈறு. அதுவும் பாப்பாவின் சின்ன வாய் இல்லை. அகலமானது. ஆயிரம் வாய்களின் அச்சு பார்த்தவளுக்கு அப்படி ஓர் அகலம் பார்த்த ஞாபகம் இல்லை.

மெழுகை மேஜையில் கவிழ்த்து வைத்தாள்.

"அண்ணி? இருக்கீங்களா?"

பின் அறையில் ஒரு நரம்பு ஒலித்தது.

ஒரே ஒரு மீட்டு. பிறகு மௌனம். பிறகு அதே நரம்பு, இம்மி கீழே. அவளுக்கு அந்த மௌனம் தெரியும். பிரடையைத் திருகிவிட்டு, தலையைச் சாய்த்து, சரியாக இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்கிறவரின் மௌனம் அது. மூன்று வருடமாக அவள் தினமும் இருக்கிற மௌனம்.

தெருக்கதவு இந்தப் பக்கம். பத்தடிகூட இல்லை. போய்விடலாம். ஆனால் பாப்பாவின் பல் அங்கே இருந்தது. செய்யாத தப்புக்குத் துரத்தப்பட்டவள் ஏதோ ஒரு அறையில் சாப்பிட முடியாமல் உட்கார்ந்திருந்தாள். அதையாவது எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தாள். கால்கள் கூடத்தைக் கடந்தன.

பின் அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. அவள் சாத்தியிருந்த கதவு.

வாடை. மூடிய வாயின் வாடை.

நரம்பை மரத்தோடு இறுக்குகிற கிரீச் சத்தம். நின்றது. மறுபடி கிரீச். நடுநடுவே மெத்தென்ற இன்னொரு சத்தம். அதுவும் அவளுக்குத் தெரிந்ததுதான். கிளினிக்கில் புதுச் செட்டைப் போட்டுப் பார்க்கிற கிழவர்கள் வெறும் ஈறில் பல் படக் கடித்துப் பார்ப்பார்களே, அந்தச் சத்தம்.

விரலால் கதவைத் தள்ளினாள்.

ஜன்னலின் கடைசி வெளிச்சம். அவளுடைய நாற்காலி. நாற்காலியின் மெத்தை அழுந்தியிருந்தது.

மெத்தைக்கு மேலே, மடி இருக்க வேண்டிய உயரத்தில், லூட். கீழே எதுவும் தாங்கவில்லை. கழுத்தைச் சுற்றிப் புது நரம்பு. ஒரு முனை இடது பக்கமாகக் காற்றில் விறைத்து நின்றது. இன்னொரு முனை மேலே போனது. மேலே.

ஒரு ஆள் உட்கார்ந்தால் வாய் வருகிற உயரத்தில் முடிந்தது.

அங்கே பாப்பாவின் பல்செட் இருந்தது. நரம்பைக் கவ்வி இழுத்துக்கொண்டிருந்தது. சுற்றிலும் முகம் இல்லை. பின்னால் தெரிந்தது சுவர்.

முடிச்சு இறுகியது.

"அண்ணி," என்றது போன், "பல்லு கிடைச்சுதா?"

நரம்பு விடுபட்டது. பற்கள் மெல்ல, சத்தம் வந்த பக்கமாகத் திரும்பின. இடது பல் லேசாகத் திரும்பியிருந்தது, அவள் வைத்தபடியே. அவள் கையால் செய்து கொடுத்த அந்தச் சிரிப்பு அவளைப் பார்த்து விரிந்தது, பாப்பாவின் வாய் போகக்கூடிய அகலத்தையும் தாண்டி விரிந்துகொண்டே போனது.